திரும்பப் பறக்க வருகிறவருக்கு: வாடகையா, கிளப்பா, பங்கா, சொந்த விமானமா?

அமெரிக்காவில் இருபது, முப்பது வயதில் பைலட் லைசன்ஸ் எடுத்து, பிறகு கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் என்று லாக்புக்கை (பறந்த மணிகளை எழுதும் ஏட்டை) அலமாரியில் வைத்துவிட்டவர்கள் நிறைய. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் ஆசை மறுபடி எட்டிப் பார்க்கும். கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எழுபதுகளில் செய்த செஸ்னா 172 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, நன்றாக இருக்கிறது, வாங்கிவிடலாமா?"

வாங்கலாம், ஆனால் முதல் வருஷத்தில் வேண்டாம் என்பதுதான் என் பதில். வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறப்பீர்கள் என்று தெரியாமல் விமானத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அது திரும்ப வந்து ஒரு கோடை, ஒரு குளிர்காலம் பறந்தால்தான் தெரியும். ஆசையில் போடும் கணக்கு வேறு, லாக்புக்கில் ஏறும் கணக்கு வேறு. தனியாக வாங்குவதைத் தவிர மூன்று வழிகள் உண்டு: பயிற்சிப் பள்ளியின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது, சந்தா கட்டி விமானக் கிளப்பில் சேருவது, சிலர் சேர்ந்து ஒரு விமானத்தைப் பங்கு போட்டு வாங்குவது.

## முதலில் உங்கள் லைசன்ஸ்

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) கொடுத்த பைலட் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. ஆனால் பழைய காகிதச் சான்றிதழ்தான் இன்னும் கையில் இருக்கிறது என்றால், 2010 மார்ச் 31-க்குப் பிறகு அது செல்லாது. பிளாஸ்டிக் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது ஃப்ளைட் ரிவ்யூ: இன்ஸ்ட்ரக்டருடன் குறைந்தது ஒரு மணி நேரம் தரைப்பாடம், ஒரு மணி நேரம் வானில். 24 மாதத்துக்கு ஒருமுறை இது கட்டாயம். ஆளை ஏற்றிக்கொண்டு போக, முந்தைய 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். பதினைந்து வருஷம் விட்டவருக்குக் குறுக்குக் காற்றில் இறங்குவது மட்டுமே பல வாரப் பாடமாகிவிடும்.

மருத்துவச் சான்று பலரை இத்தனை நாள் தடுத்து வைத்திருந்தது. இப்போது வழிகள் கூடியிருக்கின்றன. 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது எஃப்ஏஏ மருத்துவச் சான்று வைத்திருந்தவர்கள், 2017-இல் வந்த பேசிக்மெட் வழியாகத் தங்கள் குடும்ப டாக்டரிடமே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இணையப் பாடம் ஒன்று. மோசைக் என்ற புது விதி 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட் (எளிய விதிகளோடு சிறு விமானம் ஓட்டும்) உரிமையை விரித்திருக்கிறது. கார் லைசன்ஸே மருத்துவத் தகுதியாக இருக்க, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்பு) இறக்காத ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், 59 நாட் (மணிக்குச் சுமார் 109 கி.மீ.) அளவுக்குள் இருக்கும் விமானங்களைப் பகலில், ஒரே ஒரு பயணியோடு ஓட்டலாம். செஸ்னா 172 இந்த வரம்புக்குள் வருகிறது. கடைசியாகக் கேட்ட மருத்துவச் சான்று மறுக்கப்பட்டிருந்தால் இந்த வழி மூடியிருக்கும். ஆகவே உடல்நிலையில் சந்தேகம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே விமான மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

நீங்கள் இல்லாத காலத்தில் வானமும் மாறிவிட்டது. ஓடுபாதையில் ஏறி நின்று காத்திருக்கச் சொல்லும் "பொசிஷன் அண்ட் ஹோல்ட்" என்ற கட்டளை 2010-இல் "லைன் அப் அண்ட் வெயிட்" ஆனது. 2020 ஜனவரி முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றிப் பறக்க விமானத்தின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி அவுட் கருவி வேண்டும். மடித்து வைத்த வரைபடங்களின் இடத்தில் ஐபேட் உட்கார்ந்திருக்கிறது. விமான உரிமையாளர்கள், பைலட்டுகளின் சங்கமான ஏஓபிஏ நடத்தும் "ரஸ்டி பைலட்ஸ்" கருத்தரங்கில் ஒரு நாள் உட்கார்ந்தால் இவற்றில் பாதி பிடிபட்டுவிடும், ரிவ்யூவின் தரைப்பாடத்துக்கும் அது கணக்கில் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாவற்றுக்கும் முதலில் வருவது வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது. அதன் பிறகு பணம். அதை இரண்டாகப் பிரித்தே பார்க்க வேண்டும்: பறந்தாலும் பறக்காவிட்டாலும் போகும் நிலைச்செலவு, பறந்தால் மட்டும் ஆகும் மணிச்செலவு. நினைத்த நேரத்துக்கு விமானம் கிடைக்குமா, உங்கள் கை பழக்கத்தில் இருக்குமா, சனி ஞாயிறில் எத்தனை மணி நேரம் மெக்கானிக்கோடும் காகிதத்தோடும் போகும், வேலை மாறி ஊர் மாறினால் எவ்வளவு சுலபமாகக் கழன்றுகொள்ளலாம் என்பவை அடுத்த கேள்விகள்.

விசாவையும் பார்க்க வேண்டும். விமானத்தை எஃப்ஏஏ-வில் சொந்தப் பெயரில் பதிய, அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் தன் பெயரில் என்-நம்பர் (விமானத்தின் பதிவெண்) வாங்க முடியாது. ட்ரஸ்ட் வைத்துப் பதிகிற வழி உண்டு, அதற்குத் தனிச் செலவு. பங்குதாரர்களில் ஒருவருக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாவிட்டாலும் எல்லார் பெயரிலும் கூட்டாகப் பதிவது நடக்காது. வாடகைக்கும், விமானத்தில் பங்கு தராத கிளப்புக்கும் இந்தத் தடை இல்லை.

பணக் கணக்குக்கு ஓர் உதாரணம். ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய பழைய 172. திறந்தவெளி நிறுத்தம் 1,800, இன்சூரன்ஸ் 1,800, வருடாந்திரச் சோதனை 2,500, சொல்லாமல் வரும் ரிப்பேருக்கு 2,400, சில்லறை 500: ஆக நிலைச்செலவு 9,000 டாலர். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 8 கேலன் பெட்ரோல், கேலன் ஆறரை டாலர் என்றால் 52, ஆயில் 3, இன்ஜின் ஓவர்ஹாலுக்கு (முழுக்கப் பிரித்துச் சீரமைப்பதற்கு) 40,000 டாலர், 2,000 மணிக்கு ஒருமுறை என்று வைத்தால் மணிக்கு 20. மொத்தம் 75. முடங்கிய முதலுக்கு 4 சதவீத வட்டியும் சேர்க்கிறேன், வங்கியில் இருந்திருந்தால் வந்திருக்கும் பணம் அது. வாடகை மணிக்கு 180 (பெட்ரோல் உட்பட), கிளப்புக்கு மாதம் 80, மணிக்கு 135. உங்கள் ஊர் விலைகளை இந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். கலிஃபோர்னியக் கடற்கரைக்கும் கான்சஸுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

| வருஷத்துக்கு | வாடகை | கிளப் | மூவர் பங்கு | தனியாக |
|---|---|---|---|---|
| 30 மணி | 5,400 | 5,010 | 6,580 | 15,250 |
| 60 மணி | 10,800 | 9,060 | 8,830 | 17,500 |
| 100 மணி | 18,000 | 14,460 | 11,830 | 20,500 |
| 150 மணி | 27,000 | 21,210 | 15,580 | 24,250 |
| போடும் முதல் | இல்லை | சேர்க்கைக் கட்டணம் | சுமார் 33,000 | 1,00,000 |

(எல்லாம் டாலரில்.) வாடகையைவிடத் தனி விமானம் மலிவாவது ஏறக்குறைய 124 மணியில்தான். வேலைக்குப் போகிறவர் வருஷத்துக்கு அவ்வளவு பறப்பது பெரிய விஷயம். பங்கோ 56 மணி தாண்டினாலே கிளப்பை முந்திவிடுகிறது. பணத்தை மட்டும் பார்த்துத் தனியாக விமானம் வாங்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பணம் அல்லாத நியாயங்கள் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

## வாடகை

திரும்பி வரும் முதல் வருஷத்துக்கு இதுதான் சரி. இன்ஸ்ட்ரக்டர் அங்கேயே இருப்பார், விமானம் பழுதானால் அது பள்ளியின் தலைவலி. 172-இல் ஒரு மாதம், பைப்பர் ஆர்ச்சரில் ஒரு மாதம் என்று மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். மேல் இறக்கையா, கீழ் இறக்கையா என்பதைக் காசு போடும் முன் உங்கள் முதுகும் கண்ணும் தீர்மானிக்கட்டும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. வெளியூரில் இரவு தங்கினால் பல இடங்களில் நாளைக்கு இத்தனை மணி நேரம் என்று குறைந்தபட்ச வாடகை கேட்பார்கள். வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பும் பயணத்தில் நீங்கள் பறந்தது நான்கு மணியாக இருக்கலாம், பில் அதைவிட அதிகமாக வரும். மற்றது இன்சூரன்ஸ். பள்ளியின் பாலிசி பள்ளியைக் காப்பாற்றத்தான். நீங்கள் இறங்கும்போது மூக்குச் சக்கரத்தை உடைத்தால், அவர்களுக்குப் பணம் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். வாடகைக்கு ஓட்டுகிறவருக்கென்று தனி பாலிசி இருக்கிறது. வருஷத்துக்குச் சில நூறு டாலர்தான், அது இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்.

வருஷத்துக்கு 25 மணிக்குள் பறப்பவருக்கும், வேலையோ விசாவோ எப்போது வேண்டுமானாலும் ஊரை மாற்றலாம் என்ற நிலையில் இருப்பவருக்கும் வாடகையே போதும். நல்ல வானிலையுள்ள சனிக்கிழமை காலையில் விமானம் கிடைக்காது என்பது இதன் பெரிய குறை. மாணவர்கள் முன்பே பிடித்து வைத்திருப்பார்கள்.

## கிளப்

சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஒரு விமானத்துக்கு எத்தனை உறுப்பினர், இன்ஜினுக்காக வங்கியில் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள், விபத்தில் இன்சூரன்ஸ் கழிவுத்தொகையை (இன்சூரன்ஸ் தராமல் நம் கையிலிருந்து போகும் பகுதியை) யார் கட்டுவது. இரண்டாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். நிதி இல்லாத கிளப்பில் இன்ஜின் போகும் நாளன்று ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று ஓலை வரும். மாதச் சந்தாவைக் குறைத்துக் காட்டும் கிளப்புகளில் இது அடிக்கடி நடப்பது.

கிளப்பின் உண்மையான லாபம் ஆட்கள். முப்பது வருஷமாக அதே ஓடுபாதையில் இறங்கி வரும் பெரியவர் ஒருவர் வலப்பக்கம் உட்கார்ந்து, "காற்று மரங்களுக்குப் பின்னாலிருந்து சுழலும், இன்னும் ஐந்து நாட் வேகம் வைத்துக்கொள்" என்று சொல்வது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. நீண்ட இடைவெளி விட்டு வருகிறவருக்கு இந்தத் துணையின் மதிப்பை டாலரில் சொல்ல முடியாது. 25 முதல் 55 மணி வரை பறப்பவர் வேறெங்கும் தேட வேண்டாம்.

## பங்கு

மூன்று பேர், ஒரு விமானம். பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான், காரணம் பணம் மட்டுமல்ல, இன்ஜினும்தான்.

இத்தகைய சிறு விமானங்களில் வரும் லைக்கமிங் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கிராங்க்ஷாஃப்டுக்கு (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டுக்கு) மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் வடிந்து கீழே போய்விடும், மேலே உலோகம் ஈரக்காற்றில் துரு பிடிக்கும். அந்தத் துருப்புள்ளி, கேம்ஷாஃப்டில் உரசி வால்வைத் தள்ளும் டேப்பெட்டை அரிக்கும், அரித்த பொடி ஆயிலோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும். தரையில் பத்து நிமிஷம் ஓட விடுவது இதற்குப் பரிகாரம் இல்லை, இன்னும் கெடுதல்தான். ஆயில் ஈரத்தை விரட்டும் அளவுக்குச் சூடேறாது, ஆனால் எரிபொருள் எரிந்த நீராவி உள்ளே சேர்ந்துவிடும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பறந்தால்தான் இன்ஜின் நன்றாக இருக்கும். தனியாளாக 40 மணி பறந்தால் விமானம் பல வாரம் சும்மா நிற்கும். மூன்று பேர் ஆளுக்கு 40 மணி பறந்தால் 120 மணி, இன்ஜினுக்கும் சுகம். 2,000 மணி ஓவர்ஹால் என்பதோடு 12 வருஷம் என்றும் லைக்கமிங் சொல்கிறது என்பதை விற்பனை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இன்சூரன்ஸ் தவணையைத் தீர்மானிப்பது பங்குதாரர்களில் அனுபவம் குறைந்தவர். பதினைந்து வருஷம் பறக்காத நீங்கள் சேர்ந்தால் மற்ற இருவரின் தவணையும் ஏறும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பங்கில் இடம் கேட்கும் முன் வாடகையில் 25 மணியாவது சமீபத்தில் ஓட்டியிருங்கள், பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும்.

ஒப்பந்தத்தை வக்கீல் வைத்து எழுதுங்கள், நண்பராக இருந்தால் இன்னும் கட்டாயம். பங்கை விற்க நினைப்பவர் மற்றவர்களுக்கு எத்தனை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், விலையை யார் நிர்ணயிப்பது, ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன, புதிய ஜிபிஎஸ் வாங்க ஒருவர் விரும்பி இருவர் மறுத்தால் என்ன, தீபாவளி, கிறிஸ்துமஸ் வாரம் யாருக்கு? சண்டைகள் பெரும்பாலும் பணத்தில் வருவதில்லை. பெட்ரோல் நிரப்பாமல் விட்டுப் போனது, இருக்கையில் சேறு, ஹெட்செட்டை எடுத்துக்கொண்டு போனது என்று சின்ன விஷயங்களில்தான் வரும். ஆகவே பணக்காரப் பங்குதாரரைவிடச் சுத்தமான பங்குதாரரைத் தேடுங்கள்.

## தனியாக வாங்குவது

முன்பே சொன்னேன், பணக் கணக்கில் இது ஜெயிக்காது. ஆனால் குடும்பம் இரண்டு மாநிலம் தள்ளி இருக்கிறது, மாதம் இருமுறை போய் வர வேண்டும் என்றாலோ, இன்ஸ்ட்ரூமெண்ட் ரேட்டிங் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) எடுக்க ஒரே காக்பிட்டில் தொடர்ந்து பழக வேண்டும் என்றாலோ, விமானத்தின் ஒவ்வொரு போல்டையும் யார் முடுக்கினார்கள் என்று தெரிந்தால்தான் மனைவி, பிள்ளைகளை ஏற்ற மனம் வரும் என்றாலோ வாங்குங்கள். அவை முழு நியாயமான காரணங்கள். 100 மணிக்குக் குறைவாகப் பறந்தாலும் வாங்கலாம், விலை தெரிந்து வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

எதிர்பாராத செலவுகளில் பெரியது முதல் வருடாந்திரச் சோதனை. பழைய உரிமையாளரின் மெக்கானிக் பல வருஷமாகப் பார்த்துப் பழகிய குறைகளைப் புது மெக்கானிக் புதிதாகப் பார்ப்பார். 2,500 டாலர் என்று நினைத்தது மூன்று மடங்காவது அபூர்வம் இல்லை. மாநில விற்பனை வரியும் உண்டு. கலிஃபோர்னியாவில் வருஷா வருஷம் மாவட்டச் சொத்து வரியும் கட்ட வேண்டும். ஹேங்கருக்குப் பல இடங்களில் வருஷக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல், ஆகவே விமானத்தைத் தேடும் முன்பே பட்டியலில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோலை 2030-க்குள் ஒழிக்க எஃப்ஏஏ-வும் தொழில்துறையும் இலக்கு வைத்திருக்கின்றன, எந்த மாற்று எரிபொருள் உங்கள் இன்ஜினுக்கு ஒத்துவரும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாடலுக்கு மாடல் தெரிந்த நோய்கள் உண்டு. 1977 முதல் 1980 வரையிலான 172என் மாடலில் வந்த ஓ-320-எச்2ஏடி இன்ஜினுக்குக் கேம், டேப்பெட் தேய்மானத்தில் கெட்ட பெயர். சரியாகப் பறந்து, ஆயில் காலத்தில் மாற்றியவை நன்றாகவே ஓடுகின்றன. செஸ்னாக்களில் இருக்கைத் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்தால் ஏறும் நேரத்தில் இருக்கை பின்னால் நழுவும், அதற்கு எஃப்ஏஏ கட்டாயச் சோதனை விதித்திருக்கிறது. பைப்பர் பிஏ-28 (செரோக்கி, ஆர்ச்சர்) வகையில், 2018-இல் டேடோனா பீச்சில் பயிற்சி விமானத்தின் இறக்கை பிய்ந்த விபத்துக்குப் பிறகு ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் உள்சட்டம்) போல்ட் துளைகளைச் சோதிக்கும் ஆணை வந்தது. வாங்க நினைக்கும் செரோக்கிக்கு அது பொருந்துமா, செய்தாயிற்றா என்று லாக்புக்கில் பாருங்கள்.

வான்ஸ் ஆர்வி போன்ற, வீட்டில் கட்டிய விமானங்களையும் சிலர் கேட்கிறார்கள். உதிரிபாகம் மலிவு, வேகம் அதிகம், பராமரிப்பு வேலைகளை உரிமையாளரே செய்யலாம். வருடாந்திர நிலைச் சோதனைக்கு மட்டும், கட்டியவர் நீங்கள் இல்லை என்றால், ஏ அண்ட் பி (எஃப்ஏஏ சான்று பெற்ற) மெக்கானிக் போன்ற தகுதியுள்ளவரின் கையெழுத்து வேண்டும். அருமையான விமானங்கள். ஆனால் ஒவ்வொன்றும் கட்டியவரின் கைவேலை, ஓட்டும்போது 172-ஐவிடத் துடிப்பானவை. திரும்பி வந்து நூறு மணியாவது ஆன பிறகு யோசியுங்கள்.

எதை வாங்கினாலும், அந்த விமானத்தை இதுவரை தொடாத மெக்கானிக்கை வைத்து வாங்கும் முன் சோதனை செய்யுங்கள். செலவு ஆயிரம் டாலர் தாண்டும், நானாக இருந்தால் அதில் ஒரு காசும் குறைக்க மாட்டேன். சிலிண்டர் கம்ப்ரெஷன் (உள்ளே காற்றழுத்தம் கசியாமல் நிற்கும் அளவு) 80-க்கு எழுபதுக்கு மேல் இருப்பது நல்லது, ஆனால் அந்த எண் கேம்ஷாஃப்டைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். தகரத்தை அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைப் பிரித்து, வெயிலில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். பொடிப்பொடியாக மின்னினால் காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டிக்கொண்டால் எஃகு, அப்படியானால் டேப்பெட் ஒன்றையாவது கழற்றிப் பார்க்காமல் பேரம் பேச வேண்டாம். இறக்கைக்குள்ளும் வாலின் உள்ளும் டார்ச் அடித்துத் துரு தேடச் சொல்லுங்கள், கடலோரத்தில் நின்ற விமானம் என்றால் இரண்டு மடங்கு நேரம்.

காகிதமும் சோதனையின் பாதி. ஒக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்திலிருந்து விமானத்தின் முழுக் கோப்பை வரவழைத்து, அதிலுள்ள 337 படிவங்களை (பெரிய ரிப்பேர், மாற்றங்களின் பதிவை) லாக்புக்கோடு ஒப்பிடுங்கள். இறக்கை மாற்றியதாக ஒரு படிவம் இருந்து, "விபத்து எதுவும் இல்லை" என்று விளம்பரம் சொன்னால் அங்கேயே கேள்வி கேளுங்கள். கடன் பாக்கி ஏதும் உண்டா என்று உரிமைத் தேடலும் அவசியம். கடைசி பத்து வருஷத்தின் பறந்த மணிகளை ஒவ்வொரு வருடாந்திரச் சோதனையின் பதிவிலிருந்தும் கழித்து எழுதிப் பாருங்கள். வருஷத்துக்கு ஐந்து, ஆறு மணி என்று வரிசையாக வந்தால், "ஓவர்ஹாலுக்குப் பிறகு 400 மணிதான்" என்ற பெருமைக்கு அர்த்தம் இல்லை. அந்த விலையில் இன்ஜின் ஓவர்ஹாலைக் கழித்தே பேசுங்கள்.

விற்பவர் ஃபில்டரை வெட்ட விடமாட்டேன் என்றாலோ, நாளைக்கே இன்னொருவர் வருகிறார் என்று அவசரப்படுத்தினாலோ விட்டுவிடுங்கள். 172-ஐ மட்டும் 1956 முதல் 44,000-க்கு மேல் செய்து விற்றிருக்கிறார்கள், அடுத்த மாதம் இன்னொன்று வரும்.